பதினேழாம் எண் மூலை

திங்கட்கிழமை மதியம் ரெகுவேல் வீட்டுக்குள் வந்தபோது பூட்ஸைக் கழற்றவில்லை. அவனோடு மனைவி கெசியா போட்ட சண்டைகளில் பாதி அந்தச் சேற்றுப் பூட்ஸால் வந்தவைதான். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அவன் மேலிருந்து வந்த வாடையில் நிறுத்திக்கொண்டாள். வியர்வை இல்லை, புகையிலை இல்லை, அப்போதுதான் பிளந்த ஓக் மரத்தின் புளித்த ஈர வாடை. அவனோ ஒரு வாரமாகக் கோடரியைத் தொடவே இல்லை.

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"நாலாவது தடவை. சாட்சி மரம் எங்கேன்னு நிலக் கச்சேரி குமாஸ்தா கேக்கறான். வெட்டிட்டேன்னா, அப்ப உன் மூலைக்கு சாட்சி இல்லை, கிளம்புங்கறான். உயிரோட நிக்கிற சாட்சி வேணுமாம்."

ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த காட்டையெல்லாம் அரசாங்கம் சதுரம் சதுரமாக அளந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு கம்பு நட்டு, பக்கத்து மரத்தில் எண்ணைச் செதுக்கிவைத்திருந்தது. கம்பு மக்கிப் போனாலும் மரம் சாட்சி சொல்லும். ரெகுவேலுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. வந்த முதல் குளிர்காலத்தில், முடிச்சே இல்லாமல் நெட்டையாக நின்ற ஓக்கைக் கண்டு ஆசைப்பட்டு, வெட்டிச் சாய்த்துக் கூரைக்குப் பலகை போட்டுவிட்டான். அந்தக் கீறலைக் கரடியின் வேலை என்று நினைத்தானாம். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய? குடியரசு பிறந்து இருபத்தைந்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கச்சேரிக்கு நடையாய் நடக்கவைப்பதை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வருவார். மூலையைக் காட்டாவிட்டால், மூன்று வருடமாக வேர் பிடுங்கிய நிலம், முளைத்து நிற்கும் சோளம், வேலியோரம் புதைத்த கைக்குழந்தை எல்லாமே பக்கத்து நிலத்துக்காரக் கர்னலுக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ரெகுவேல் வெட்டிய ஓக்கின் அடிக்கட்டையருகே போய் நின்றான். சும்மா நின்றான். சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் அசைத்தான். புதன்கிழமை கெசியா சோளக் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப் போனாள். காடு முழுக்கக் காற்று ஓய்ந்து, எங்கோ ஒரு மரங்கொத்தி விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. அருகே போனதும்தான் அவளுக்கு அது கேட்டது. அவன் மூச்சு விடும்போதெல்லாம், பாரம் ஏற்றிய வண்டியைப் போல, அவனுக்குள் ஏதோ மெல்லக் கிறீச்சிட்டது.

"உக்காந்து சாப்பிடுங்க."

"முட்டி மடங்கல, கெசியா."

அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் பயத்தை மிஞ்சிய ஆத்திரம். கச்சேரிக்காரன் மேல், கர்னல் மேல், மக்குப் பயல் மாதிரி சாப்பிடாமல் நிற்கும் இவன் மேல். கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மண்வெட்டியோடு போனாள். பூட்ஸ் மண்ணுக்குள் போயிருந்தது. முழங்கால்வரை துணியைக் காணோம். தொட்டாள். சொரசொரப்பு. பட்டை.

காலைச் சுற்றி மண்ணை வெட்டினாள். மண்வெட்டி எதையோ அறுத்தது. ரெகுவேல் அலறினான்.

"தோண்டாதே. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் வந்துடுவேன்."

மறுநாள் மதியம், தூறலில் குதிரையை ஓட்டிக்கொண்டு சர்வேயர் ஸ்லோகம் வந்தார். நோட்டைப் பிரித்தார். அளவுச் சங்கிலியை இழுத்து அளந்தார்.

"வெள்ளை ஓக். கம்பிலேர்ந்து ஏழடி. சரியா இருக்கே, அம்மா. எவன் இதை வெட்டிட்டான்னு சொன்னது?"

"ஐயா, அது மரம் இல்லை. என் வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரர் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம். அவசரமில்லை." பட்டையைக் கையால் தடவினார். "எண் மூடிப்போச்சு. புதுசா செதுக்கணும்."

இடுப்பிலிருந்து கைக்கோடரியை எடுத்தார். கெசியா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கோபப்படவில்லை. நாள் முழுக்க இப்படிப்பட்டவர்களையே பார்த்துச் சலித்த குரலில் கேட்டார்:

"எண் இல்லாட்டி நிலம் இல்லை. செதுக்கட்டுமா, திரும்பிப் போகட்டுமா? ஒண்ணைச் சொல்லுங்க, எனக்கு இன்னும் ஆறு மூலை பாக்கி."

அவள் மரத்தைப் பார்த்தாள். பட்டைக்குள் இரண்டு கண்கள். அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, சோளத்தையும் வேலியோரத்தையும் பார்த்தன. பிறகு மெல்ல மூடிக்கொண்டன.

அவள் கையை விட்டாள்.

முதல் வெட்டு நெஞ்சில். கிறீச்சொலி நின்றது. ஒன்று. பிறகு ஏழு. ஏழுக்கு இரண்டு வெட்டு.

"இந்த வருஷம் மரச்சாறு நிறைய ஊறியிருக்கு," என்றார் ஸ்லோகம். கோடரியைப் புல்லில் துடைத்தார். புல் சிவந்தது. சான்றிதழை எழுதி, மை காய ஊதி, அவளிடம் நீட்டிவிட்டுக் குதிரையேறினார்.

குளம்புச் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"முடிஞ்சுது," என்றாள். "நிலம் நம்மளுது. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

மழை. எண்ணைச் சுற்றிப் பட்டை மெதுவாக நெருங்கியது. அதற்கு மேலே, வாய் இருந்த இடம் அசைந்தது. அவள் எக்கி நின்று காதை வைத்தாள்.

வாய் திறந்தது. நாக்கு இருந்த இடத்தில், சுருள் விரியாத, ஈரமான ஒரு ஓக் இலை.