உதட்டுப் பேச்சு

பதினோரு வருஷமாக ஒரு நொடிகூட ஓயாத இரைச்சல், அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பவுல்ராஜின் காதுகளில் நின்றுபோனது.

வேறொருவனாக இருந்தால் மாதா கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுவத்தி ஏற்றியிருப்பான். பவுல்ராஜுக்குச் சந்தேகம்தான் வந்தது. டவுனில் ஒரு மில்லில் பதினாலு வருஷம் தறி ஓட்டியவன் அவன். ஓடுகிற தறி சும்மா நிற்காது. நூல் அறுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ கைப்பிடியைத் தள்ளியிருக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்தபடி, அறுந்தது எது, தள்ளியது யார் என்று யோசித்தான்.

இரைச்சல் என்றால் லேசுப்பட்ட இரைச்சல் இல்லை. வலது காதில் பம்ப் ஸ்டவ் சீறுகிற மாதிரி ஒரு விசில், இடது காதில் தூரத்துத் தறிக்கூடத்தின் தடதடப்பு, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பகலும் ராத்திரியும் போட்டி போடும். கூடவே இடுப்பு. பாவு நூல் சுற்றிய பீம் என்கிற இரும்பு உருளையைத் தூக்கிப் போகையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து, இடது இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரை காய்ச்சிய கம்பியாக இறங்கும் வலி. காதில் இரைச்சல் ஏறினால் இடுப்பில் வலியும் ஏறும். டாக்டர் காது நரம்பு செத்துவிட்டது என்றார். செத்த நரம்பு இவ்வளவு கத்துமா என்று இவன் கேட்டதற்கு, அவர் இடுப்புக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். வில்லியனூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அவனுக்குச் செவிடன் என்று பெயர். ஊரிலேயே அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது இரண்டும் இல்லை. கோழி மண்ணைக் கிளறுவது கேட்டது, முருங்கை இலை ஓட்டின் மேல் உதிர்வது கேட்டது, கொட்டகையில் பசு அசைபோடுவதுகூடக் கேட்டது. மெல்ல எழுந்து உட்கார்ந்தான். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. சன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தான்.

அவன் மனைவி ஜெயசீலி, புண்ணாக்கும் வைக்கோலும் போட்டு வைக்கும் மண்சுவர் அறையின் வாசலில், உள்ளே பார்த்தபடி நின்றிருந்தாள். பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இலை உதிர்வது கேட்ட காதுக்கு அவள் குரல் கேட்கவில்லை.

தறிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரனுக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் உதட்டுப் பேச்சுதான். சத்தமே எழுப்பாமல், உதட்டை நன்றாக விரித்துக் குவித்து, நிதானமாகப் பேச வேண்டும். பத்துத் தறி தள்ளி நிற்பவன் உதட்டில் அவன் வீட்டுச் சண்டையை முழுசாகப் படித்துவிடலாம். ஜெயசீலி மில் வாசலை மிதித்ததில்லை. இருந்தும் அந்தப் பேச்சைத்தான் பேசினாள். ‘அவருக்குத் தெரியக்கூடாது’ என்று அவள் உதட்டில் பவுல்ராஜ் படித்தான். அப்புறம் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். விசில் வந்தது, தடதடப்பு வந்தது, கம்பி இடுப்பில் இறங்கியது.

சாயந்திரம் கேட்டதற்கு மாட்டிடம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மாடு கட்டியிருந்தது எதிர்ப்பக்கம்.

மறுநாள் அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரத்தில் அந்த அறைக்குள் போனான். மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. ஊரில் அந்த வாசனையோடு திரிகிறவன் சாமிக்கண்ணு ஒருவன், பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்தபோது மோர் வாங்கிக் குடித்தான், ஏதோ சொன்னான், இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்ணெய்க்கு அடியில், மில்லில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி புளித்த வாடையும் இருந்தது. அதற்கும் சாமிக்கண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு ஒரு வாசனை போதும்.

தரையில் ஆம்பளைக் கால்தடம் தேடினான். ஜெயசீலியின் காலடிகள் மட்டும் இருந்தன, அதுவும் வாசலோடு நின்றுவிட்டன. உள்ளே வைக்கோல் தூசியில் இவனுடைய தடம் தவிர ஒன்றுமில்லை. புண்ணாக்கு மூட்டையை அவள் எப்போதோ வெளியே கொட்டகைக்கு மாற்றி வைத்திருந்தாள். ஏன் மாற்றினாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அன்றும் மூன்று மணிக்கு நின்றது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம். அவள் அந்த வாசலில் நிற்கும் வரைக்கும் நிம்மதி, நகர்ந்தால் பழையபடி. இரண்டாம் நாளே அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டாள். புருஷன் உதடு படிப்பான் என்று தெரிந்தவள்தானே.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், மூன்று மணிக்காக அவன் ஏங்கினான். பெண்டாட்டி எவனோடோ பேசுகிறாள் என்று நெஞ்சு எரியும். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் இடுப்பு குளிர்ந்து கிடக்கும். இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று மனசுக்குள் ஒரு பிச்சைக்காரன் கை நீட்டுவான். அப்படி நினைத்ததற்குத் தன் வாயிலேயே அறையலாம் போலிருக்கும்.

திங்கட்கிழமை நேராகவே கேட்டான்.

"யாருகிட்டடி பேசுற?"

"யாருகிட்டயும் இல்லய்யா." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "இப்ப வலி கொஞ்சம் கொறஞ்சிருக்குதா, அத்த சொல்லு."

வலி குறைகிறதென்று அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, களிம்பு வாங்க வில்லியனூர் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பி, கரும்புக்கொல்லைக்குள் நுழைந்தான். இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு, கரும்புச் சோகை முகத்தில் கீற, கால் வைக்கும் இடமெல்லாம் சருகு நொறுங்குவது தன் காதுக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்குமோ என்று பயந்து பயந்து, அந்த அறையின் பின்சுவரில் இருந்த ஒரு முழ அகலச் சன்னலுக்கு வந்து சேர்ந்தான்.

மணி மூன்று. நின்றது.

உள்ளே இருட்டு. எதிரே வாசலில் வெயில். வெயிலில் ஜெயசீலி. அவன் ஊரில் இல்லை என்ற தைரியத்தில் வாயை மூடவில்லை. அவள் உதட்டைப் படித்தான்.

‘அவரு ஒத்துக்க மாட்டாரு. அவர கேக்காத. அந்த வலி, அந்த எரைச்சல், எல்லாத்தயும் எங்கிட்டயே குடுத்துடு.’

சாமிக்கண்ணும் இல்லை, எவனும் இல்லை. இந்த மனுஷியையா இத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று பவுல்ராஜுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கூப்பிட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான். அப்போதுதான் மற்றது உறைத்தது.

யாரிடம் கேட்கிறாள்?

வாசனை கனத்தது. எண்ணெய். புளித்த கஞ்சி. சன்னலுக்கு உட்புறம், அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, இருட்டில் ஏதோ திரும்பியது.

ஒரு வாய்.

முகம் தெரியவில்லை. வாய் மட்டும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இருக்கிற மாதிரி பஞ்சுத்தூசி படிந்த வெளுத்த உதடுகள். அவை விரிந்தன. குவிந்தன. நிதானமாக. பிசிறில்லாத தறிக்கூடத்துப் பேச்சு.

‘உன்னுத அவளுக்குக் குடுத்துடட்டுமா?’

பவுல்ராஜ் தலையாட்டினான்.

சம்மதித்து அல்ல. தறிக்கூடத்தில் ஒருவன் உதட்டில் சொன்னதை மற்றவன் படித்துவிட்டால் ஒரு தடவை தலையாட்டுவான். புரிந்தது, மறுபடி சொல்ல வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான். பதினாலு வருஷப் பழக்கத்தில் கழுத்து தானாகச் செய்துவிட்டது. ஊர் உலகத்தில் தலையாட்டினால் சரி என்று அர்த்தம். அந்த வாய் எந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டது?

வாய் மூடிக்கொண்டது.

வலி போயிற்று. முழுசாக. வேரோடு. உடம்பு இருபத்தைந்து வயசு உடம்பாக லேசானது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாசலில் ஜெயசீலி மடிந்து விழுந்தாள்.

ஓடினான். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் ஓடினான். சுவரைச் சுற்றி, குப்பைமேட்டைத் தாண்டி, கொல்லைக்குள். அவள் தரையில் கிடந்தாள். ஒரு கை இடது இடுப்பில். ஒரு கை காதில். வாய் முழுசாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறாள். கோழி கிளறுவது கேட்டது. பசுவின் மூச்சு கேட்டது. அவள் கத்துவது மட்டும் கேட்கவில்லை. அவளிடம் குரலே இல்லை.

தலையை மடியில் தூக்கி வைத்தான். "ஜெயா, எனக்கே திருப்பிக் குடுத்துடச் சொல்லு. நான் சரின்னு சொல்லல. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

அவள் வாய் மூடியது. கண்களில் நீர் வழிந்தது. அவள் கண்கள்தான். அவனைத் தெரிந்த கண்கள்.

அப்புறம் உதடுகள் அசைந்தன. ஓரங்களில் பஞ்சுத்தூசி. விரிந்தன. குவிந்தன. நிதானமாக.

‘இவளோட மிச்சத்தயும் எடுத்துக்கட்டுமா?’

அவள் கண்கள் வேண்டாம் வேண்டாம் என்று துடித்தன. உதடுகள் பொறுமையாக மறுபடி கேட்டன. அவன் படித்தான். படிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை. தலை ஆடிவிடக்கூடாதென்று இரண்டு கையாலும் தன் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பலங்கொண்ட மட்டும் மேலே தள்ளினான்.

உள்ளங்கைகளுக்குள் அவன் தாடை மெல்லக் கீழே இறங்கியது.