ஐம்பத்திரண்டாம் சத்தம்

ஜரீனா கீபோர்டின் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். ஒலி மட்டும் உள்ளறையில் ஒரு கணம் அதிகமாக நின்றுவிட்டு அடங்கியது.

சுவரில் பட்டுத் திரும்பிய சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. அதற்குள் மூடுபனி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து, ஈரச் சுவரின் பூசண வாடையையும் கொல்லையில் காயாமல் கிடந்த காப்பிக்கொட்டையின் புளித்த வாடையையும் உள்ளறையின் தைல வாடையையும் ஒன்றாகக் குழைத்து வீடு முழுக்கப் பூசிக்கொண்டிருந்தது.

உள்ளறைக் கட்டிலில் அவள் கணவர் சையத் இப்ராஹிம் படுத்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பியவர் இரவு வரவில்லை. விடிகாலையில் மலைப்பாதையின் ஒரு வளைவில், ஓடையோரம் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்துத் தூக்கி வந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பேச்சு போய்விட்டது. கைகால் அசைவதும் நின்றுவிட்டது. சேலத்து டாக்டர் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒருநாள் தானாகப் பேசுவார் என்றார். அந்த ஒருநாளுக்காகத்தான் அவள் தினமும் அவருக்குக் கஞ்சி புகட்டி, உடம்பு துடைத்து, பதில் வராத பேச்சையெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். ஒண்டிக்கடை முக்கிலிருந்த அவருடைய மளிகைக் கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார்.

இந்தக் கீபோர்டு துபாயிலிருந்து வந்தது. அவள் தம்பி ரஹமத்துல்லா விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து முன்னறை மேசையில் வைத்தான்.

"ஊடு இப்புடிக் கெடந்தா மச்சான் எப்புடிக்கா பேசுவாரு? காதுல ஏதாச்சும் உழுந்துக்கிட்டே இருக்கணும்."

நேற்றுக் கிளம்புவதற்கு முன் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான்.

"மொதல்ல சுவிட்சு. செவப்பு லைட்டு எரியும். மேல நூறு சத்தத்தோட பேரு போட்டிருக்கு பாரு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எண்ணு. சைபர் சைபர் தட்டுனா பியானோ. வேற சத்தம் வேணும்னா வேற நம்பரத் தட்டிட்டு அப்பறம் கட்டைய அமுக்கு. சவுண்டு கொறைக்க இந்தக் குமிழ இழு. ஒத்த வெரலு போதும், நொம்ப யோசிக்காதக்கா."

எட்டாவது வரை படித்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி இப்போது அவள் பெயர்களைத் தேடினாள். நாற்பத்தொன்று தட்டினாள். வயலின் வந்தது, அவளுக்கே சிரிப்பு வந்தது. எழுபத்திரண்டு, புல்லாங்குழல். வெள்ளைக் கட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை நகர்த்தினாள். நாலாவது கட்டையில் உள்ளறைக் கட்டில் கிரீச்சிட்டது.

விரல் நின்றது. கட்டிலும் நின்றது.

ஐம்பத்திரண்டுக்கு நேரே 'வாய்ஸ்' என்று போட்டிருந்தது. தட்டினாள். அமுக்கினாள். யாரோ தூரத்தில் வாய்திறந்து 'ஆ' என்று இழுப்பதுபோல ஒரு குரல் மேசையிலிருந்து எழுந்தது.

அதோடு சேர்ந்து இன்னொரு குரல். உள்ளறையிலிருந்து.

ஜரீனா ஓடினாள். அவர் உதடு பிரிந்திருந்தது. ஆறு மாதமாகக் கஞ்சிக்கு மட்டுமே பிரிந்த உதடு.

"ஏனுங்க... நீங்களா? இன்னொருக்கா சொல்லுங்க, ஏனுங்க."

அவர் பார்வை கூரையிலேயே இருந்தது. அவள் அழுதுகொண்டே மேசையை உள்ளறை வாசல்வரை இழுத்து வந்தாள், அவர் முகம் தெரியும்படி. கட்டையை அமுக்கினாள். அவர் குரல் கொடுத்தார். எடுத்தாள். நிறுத்தினார். அடுத்த கட்டை. அடுத்த சுரம். பேச்சு வரப்போகிறது, நாளைக்கோ மறுநாளோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறார் என்று எண்ணிக்கொண்டே மறுபடியும் அமுக்கினாள்.

கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள்.

சின்னத்தாயி. மேல் தோட்டத்துக்காரி. பத்து வருடமாகக் கடைக்கு மிளகும் ஆரஞ்சும் கொண்டுவந்து போடுகிறவள். கூடையை இடுப்பில் வைத்தபடி பனியில் நின்றாள்.

"ஏனுங்கம்மா, உள்ள யாருங்க பாடறது?"

"உங்க மொதலாளிதாங்க. கொரல் வந்துருச்சுங்க சின்னத்தாயி."

சின்னத்தாயி சிரிக்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"அவரு கொரலு எனக்குத் தெரியாதுங்களா? இது அவரு கொரல் இல்லீங்க."

"ஆறு மாசமா பேசாத வாய். மாறித்தானுங்க இருக்கும்."

"மேல ஓடப்பக்கம் பனி எறங்குனா கேக்குமுங்க இது. நாங்க அந்தப் பக்கம் போறதில்லீங்க." அவள் குரல் தணிந்தது. "நீங்க எங்கூட வந்துருங்கம்மா."

"அவரத் தனியா உட்டுட்டுங்களா?"

சின்னத்தாயி அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். கூடையை அப்படியே வாசலில் இறக்கினாள்.

"எங்கூட்டுக்காரரக் கூட்டிட்டு வாரனுங்க. கதவச் சாத்தாதீங்க."

இரண்டு எட்டில் பனி அவளை விழுங்கிவிட்டது.

ஜரீனா திரும்பி வந்து உட்கார்ந்தாள். மலைக்காட்டுக்காரிக்கு எல்லாமே பயம்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் இந்தமுறை அவர் உதட்டைப் பார்க்கவில்லை. போர்வைக்கு அடியில் நெஞ்சைப் பார்த்தாள். கட்டையை அமுக்கி எண்ணத் தொடங்கினாள். பத்து. இருபது. குரல் இழுத்துக்கொண்டே போனது, நடுக்கமில்லாமல், ஒரே கனத்தில். முப்பது. அவளுக்கே மூச்சு முட்டியது. அறுபது.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவுமில்லை.

கீழே பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு ஆரம்பித்தது. பனியில் நனைந்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அவள் பதறி விரலை எடுத்தாள். சுவிட்சைத் தள்ளினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

பாங்கின் மீது ஏறி, அதை மூடிக்கொண்டு, அடுத்த சுரத்துக்குப் போனது. அவள் விரல் தானாக நகர்ந்து அடுத்த கட்டையை அமுக்கியது. அவள் நகர்த்தவில்லை. குரல் மேலே போனது. விரல் பின்னால் போனது. குரல் கீழே வந்தது. விரலும் வந்தது.

செத்த கட்டைகள். டக். டக். டக்.

கையை இழுத்தாள். வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தாள். வந்தது. நாற்காலி சாய்ந்து விழுந்தது. அவள் சுவரோடு ஒண்டினாள்.

குரல் அடங்கியது.

சின்னத்தாயி என்று கத்த வாயைத் திறந்தாள்.

வந்தது புல்லாங்குழல்.

அவள் தொண்டையிலிருந்து. நீளமாக. சுத்தமாக. இரு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கில் ஒழுகியது.

கட்டிலில் அவர் கை போர்வைமேல் கிடந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் துணிக்குள் அமுங்கியிருந்தது. ஆறு மாதமாக அசையாத விரல்.

அது எழுந்தது. அவள் தொண்டையில் குழல் நின்றது.

போர்வையில் எண் தட்டுவதுபோல இருமுறை தட்டியது. ஒரு தட்டு இங்கே. ஒரு தட்டு அங்கே. பிறகு அமுங்கியது.

வயலின்.

அவள் பற்கள் அதிர்ந்தன. கண்ணில் நீர் கொட்டியது. கால் நகரவில்லை.

கொல்லைப் பக்கம் காலடி. இரண்டு பேர். ஈரச் சருகு மிதிபடும் சத்தம். சின்னத்தாயியின் குரல், பக்கத்தில் ஓர் ஆணின் இருமல்.

"ஏனுங்கம்மா? எங்கூட்டுக்காரரும் வந்திருக்காருங்க. உள்ள இருக்கீங்களா?"

அவர் கட்டைவிரல் குமிழை இழுப்பதுபோல போர்வையின் மடிப்பில் ஒரு கோடு இழுத்தது. மெதுவாக. அவள் தொண்டையிலிருந்த ஒலி தேய்ந்தது. தேய்ந்து, காற்றாகி, ஒன்றுமில்லாமல் போனது. வாய் மட்டும் அகலத் திறந்தபடி நின்றது.

அவர் தலை தலையணையில் திரும்பியது. கண்கள் அவளைத் தேடி வந்து நின்றன. உதடு அசையவே இல்லை.

"இருக்கேனுங்க," என்றது ஜரீனாவின் குரல், கட்டிலிலிருந்து. "கதவு தொறந்துதான் இருக்கு. ரெண்டு பேரும் உள்ள வாங்க."