பேருந்தின் மேல் பெய்த மழை

ஒரு நாள் என் பேருந்தின் மேல் மனிதர்கள் மழையாகப் பெய்தார்கள். ஆயிரம் பேர்! நான் ஓட்டுநராக இருந்த காலத்தில் நடந்தது.

"போன வாரம் ஐந்நூறுன்னீங்களே தாத்தா!" என்பான் பேரன். பதினைந்து வயது. நான் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்வான். அவனைக் குறை சொல்ல முடியாது. புயலோடு பந்தயம் ஓட்டி ஜெயித்த கதையையும் நான்தானே சொன்னேன்!

மாலையில் அவனும் தங்கையும் துணி மடித்துக்கொண்டே கைபேசியில் ஒரு பாட்காஸ்ட் நிகழ்ச்சி கேட்பார்கள். அதிகம் பேருக்குத் தெரியாத வரலாறுகளைச் சொல்லும் பாட்காஸ்ட் அது. நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடித்ததைக் கலைத்துக்கொண்டே கேட்பேன்.

அன்று அந்தக் குரல் சொன்னது: "தையல் ஆலையில் தீ. படிக்கட்டு முழுக்கப் புகை. சன்னலுக்குக் கீழே ஒரு பேருந்து வந்து நின்றது. மாடியில் இருந்த பெண்கள் அதன் கூரையில் குதித்துப் பிழைத்தார்கள். பேருந்தில் இருந்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தவர்கள் குரல்பதிவு அனுப்புங்கள்."

என் கையிலிருந்த சட்டை நழுவி விழுந்தது.

"அது நாங்கதான்! நானும் என் நடத்துனரும்!"

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். "நேத்து இதுல ஒரு கப்பல் கதை கேட்டோமே, அந்தக் கப்பலையும் நீங்கதானே ஓட்டினீங்க?"

பேத்தி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அனுப்பலாம் தாத்தா. ஆனா ஆயிரம் பேருன்னு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. உங்களோட சேர்ந்து அந்த நடத்துனரும் காணாமப் போயிடுவார்."

சுருக்கென்றது. நடத்துனர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்காகப் பேச என்னை விட்டால் ஆளில்லை. நானோ புளுகுமூட்டை.

பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"ஓட்டுநர் சீட்ல."

"அங்கேருந்து கூரை தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ எத்தனை பேருங்கிற பேச்சே வேண்டாம். அந்த சீட்ல இருந்து பார்த்தது, கேட்டது, அது மட்டும் சொல்லுங்க."

கைபேசியை என் முன்னால் பிடித்தாள்.

"வானம் முட்ட நெருப்பு..."

அழித்துவிட்டாள். "மறுபடியும் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுவரை ஒட்டி நிறுத்தினேன். நடத்துனர் பின்பக்க ஏணியில மேல ஏறினார். அப்புறம் என் தலைக்கு மேல தொம்முனு ஒரு சத்தம். இன்னொன்னு. கண்ணாடி சூடாச்சு. வண்டியை எடுத்துடலாம்னு கை துடிச்சது. ஆனா நடத்துனர் ரெண்டு விசில் கொடுக்காம ஓட்டுநர் வண்டியை எடுக்கக்கூடாது. விசில் வரவே இல்லை. கடைசியில ஒன்னு வந்தது. பெரிய இருமல். அப்புறம் இன்னொன்னு. எடுத்துட்டேன். அவர் ஊதின கடைசி விசில் அதுதான். நெஞ்சுல புகை இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் ஓய்வு பெறுற வரைக்கும் வண்டித் தகரத்தைத் தட்டித்தான் எனக்குச் சொல்லுவார்."

நடத்துனரின் முழுப்பெயரையும் சொல்லி முடித்தேன். பேத்தி அழிக்கவில்லை.

"நல்லா இருக்கு. ஆனா அந்த விசில் சமாச்சாரம் நீங்க சேர்த்ததுதானே?" என்றான் பேரன்.

கீழே விழுந்த சட்டையை எடுத்து மடித்தேன். வாதாடத் தோன்றாதது எனக்கே ஆச்சரியம்தான்.

சில வாரம் கழித்து, துணிக்குவியலுக்கு நடுவே அந்தக் குரல் மறுபடியும் பேசியது. "இரண்டு பதிவுகள் வந்தன. அனுப்பியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். முதலில் இந்த அம்மா."

வயதான ஒரு குரல் வந்தது. "சன்னல்ல கடைசியா நின்னது நான். கீழே கூரையில ஒருத்தர், வாயில விசிலோட, குதிக்கிறவங்களை எல்லாம் தாங்கிப் பிடிச்சார். 'ஊதுங்க, வண்டி போகட்டும்'னு மத்தவங்க கத்தினாங்க. அவர் தலையாட்டி மறுத்தார். கையை நீட்டி என்னைக் காட்டினார். நான் குதிச்ச பிறகுதான் ஊதினார். அன்னைக்கு அவர் மேல மழை மாதிரி விழுந்தோம். நன்றி சொல்லணும். பேருதான் தெரியல."

அடுத்து என் பதிவு ஒலித்தது. நடத்துனரின் பெயர் அறை முழுக்கக் கேட்டது.

பாதி மடித்த துணி பேரன் மடியிலேயே கிடந்தது.

"பெஞ்சிருக்கு தாத்தா," என்றான் மெதுவாக. "மழைதான்."