அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடம்

“சிரிக்கக் கூடாது,” என்றார் புகைப்படக்காரர்.

தும்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படிச் சொன்னால்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கன்னம் இரண்டும் உப்பின.

“பல்லு தெரியக் கூடாது பாப்பா. ரெண்டு காதும் தெரியணும். கண்ணை மூடக் கூடாது. விசாவுக்கு எடுக்கிற படம்னா சும்மாவா?”

நான்காவது முறைதான் படம் சரியாக வந்தது. அடுத்து அப்பா உட்கார்ந்தார். ஒரே கிளிக். முடிந்தது.

“சாருக்கு நான் ஒண்ணுமே சொல்ல வேண்டியதே இல்ல,” என்றார் புகைப்படக்காரர்.

அப்பா சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா அங்கேயே இறந்துபோனார். அதிலிருந்து அப்பா இப்படித்தான்.

தும்பி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். பாஸ்போர்ட்டில் வேறு ஒரு நீளமான பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வயது பத்து.

அவர்கள் இருவரும் வெளிநாட்டுக்குப் போக இருந்தார்கள். அங்கேதான் சித்தி இருந்தார், அம்மாவின் ஒரே தங்கை. அம்மா இறந்தபோது சித்தியால் வர முடியவில்லை. வயிற்றில் குழந்தை இருந்ததால், விமானத்தில் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போனில் சித்தி அழுததை மட்டும்தான் தும்பி கேட்டாள்.

இப்போது அந்தக் குழந்தைக்குப் பத்து மாதம். “பள்ளிக்கூட லீவுக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வந்தே ஆகணும்,” என்று சித்தி அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தார்.

கடிதம் மட்டும் போதாது. சுற்றுலா விசா வாங்குவதற்கு ஒரு பெரிய பட்டியலே இருந்தது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். எங்கே தங்குகிறோம், எந்தத் தேதியில் திரும்பி வருகிறோம் என்று எழுத வேண்டும். அப்பாவின் கம்பெனியில் லீவு கொடுத்ததற்குக் கடிதம், தும்பியின் பள்ளியில் இருந்து ஒரு கடிதம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் விண்ணப்பத்தை நிரப்பினார். தும்பி கேள்விகளை உரக்கப் படித்தாள்.

“தங்கியிருக்கும் நாட்களில் அங்கே வேலை செய்வீர்களா?”

“இல்லைன்னு போடறேன்.”

“அப்பா, அங்க லிஃப்ட் பாதியில நின்னுபோச்சுன்னா நீங்க கை வைக்கவே கூடாது. சுற்றுலா விசா. சும்மா வேடிக்கைதான் பாக்கணும்.”

“சரி, பாத்துட்டு நிக்கிறேன்,” என்றார் அப்பா. சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார்.

வியாழக்கிழமை காலை இருவரும் விசா அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. வரிசையாக நாற்காலிகள். சுவர் முழுக்க விதிமுறைகள் ஒட்டியிருந்தன. அப்பா எழுந்து போய் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு தாளுக்கு முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றார்.

அவர்களுடைய நாற்பத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அலுவலர் உட்கார்ந்திருந்தார். தாள்களை வேகவேகமாகப் புரட்டினார். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

“பாப்பாவோட அம்மா வரலையா?”

“வரல,” என்றார் அப்பா.

“அப்ப அவங்க சம்மதக் கடிதம் வேணும் சார். குழந்தை ஒருத்தரோட மட்டும் வெளிநாடு போனா, இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டுத் தரணும். குழந்தையை யாரும் கேக்காம கூட்டிட்டுப் போயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.”

அலுவலர் ஒரு படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டினார்.

இப்போது அப்பா சொல்லுவார் என்று தும்பி நினைத்தாள். அப்பா படிவத்தை எடுத்து இரண்டாக மடித்தார்.

“சரிங்க. நாளைக்குக் கொண்டு வரேன்.”

தும்பி அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை.

“நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள வந்துடுங்க சார்,” என்றார் அலுவலர். “முடிவு தெரியப் பதினஞ்சு வேலை நாள் ஆகும். திங்கட்கிழமை கொடுத்தா நீங்க போட்டிருக்கிற தேதிக்குக் கிடைக்காது.”

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பிறகு மிக்ஸியைக் கழற்ற ஆரம்பித்தார். மிக்ஸிக்கு ஒரு கோளாறும் இல்லை என்று தும்பிக்குத் தெரியும்.

அவள் படிவத்தைப் பிரித்துப் படித்தாள்.

‘இந்தக் குழந்தையின் தாயாகிய நான், என் மகள் பயணம் செய்ய முழு மனதோடு சம்மதிக்கிறேன்.’

கீழே ஒரு கட்டம். தாயின் கையெழுத்து.

அம்மா கையெழுத்துப் போட்டால் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு நீளமாக ஓடும். மதிப்பெண் அட்டையில் அந்தக் கோடு அடுத்த கட்டத்துக்குள்ளேயே போய்விடும். இந்தக் கட்டத்தில் அது அடங்கவே அடங்காது.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் சின்ன எழுத்துகளில் ஏதோ இருந்தது. இரண்டு முறை படித்தாள்.

“அப்பா! இந்தக் கடிதமே வேண்டாம்ப்பா. அப்பாவோ அம்மாவோ இறந்துபோயிருந்தா, இறப்புச் சான்றிதழோட ரெண்டு நகல் கொடுத்தாப் போதும்னு போட்டிருக்கு.”

“தெரியும்மா,” என்றார் அப்பா, மிக்ஸியிலிருந்து கண்ணை எடுக்காமல். “சுவத்துலயும் ஒட்டியிருந்தது.”

“தெரியுமா? அப்புறம் ஏன்ப்பா நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு வரேன்னு சொன்னீங்க?”

அப்பா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“வாயில வரலம்மா.”

கழற்றிய திருகு ஒன்றை விரல்களில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

“கீழ ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்காரே, அம்மா காரியத்தை ஊர்ல முடிச்சுட்டு வந்த வாரம் அவர் கேட்டார், ‘என்ன சார், டீச்சரம்மாவைக் காணோம்?’னு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல. யார்கிட்டயும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல. சொல்லிட்டா...”

தும்பிக்குப் புரிந்தது. அவளுக்கும் சில நாள் காலையில் எழுந்ததும் அம்மா பக்கத்து அறையில் இருப்பதுபோலவே தோன்றும். அப்போது அவள் அசையாமல் படுத்திருப்பாள்.

“அந்தச் சான்றிதழ் எங்கப்பா இருக்கு?”

“அம்மா பீரோவுல. மேல் தட்டுல.”

அந்த பீரோவை ஒரு வருடமாக யாரும் திறக்கவில்லை.

தும்பி யோசித்தாள். அப்பாவை வற்புறுத்தினால் அவர் அழுவார். தனியாகப் போய்த் திறக்க அவளுக்கும் பயமாக இருந்தது.

“கடையிலேர்ந்து வரப்போ பை கனமா இருந்தா, ஆளுக்கொரு காதைப் புடிச்சுத் தூக்கிட்டு வருவோமேப்பா. அந்த மாதிரி செய்யலாமா? நீங்க பீரோவைத் திறங்க. நான் எடுக்கிறேன்.”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா சாவியைத் திருப்பினார். கதவு திறந்ததும் அம்மாவின் துணிகளிலிருந்து அம்மாவின் வாசனை வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தும்பி ஸ்டூலில் ஏறி, மேல் தட்டில் இருந்த பழுப்பு உறையை எடுத்தாள். அது ஒட்டியபடியே இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து இருவரும் படித்தார்கள். ஒரே ஒரு தாள். பெயர், வயது, தேதி, இடம். அவ்வளவுதான்.

“அம்மா கணக்கு டீச்சர்னு இதுல இல்ல,” என்றாள் தும்பி.

“இல்ல.”

“நல்லா விசில் அடிப்பாங்கன்னும் இல்ல.”

“அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா,” என்றார் அப்பா. சொல்லும்போதே குரல் உடைந்தது. அப்பா அழுவதைத் தும்பி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அவளும் அழுதாள். அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வெளியே வெயில் சாயும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் காலை நகல் எடுக்க வேண்டியிருந்தது. கீழே இறங்கியதும் அப்பாவின் நடை தயங்கியது.

“பஸ் ஸ்டாப் பக்கத்துல வேற கடை இருக்கும்மா. அங்க போலாம்.”

“அது பத்து மணிக்குத்தான் திறக்கும்ப்பா. நீங்க இங்கயே நில்லுங்க. நான் போயிட்டு வரேன்.”

தும்பி ஜெராக்ஸ் கடைக்குள் போனாள். கடைக்காரர் இயந்திரத்துக்குள் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா, ரெண்டு நகல் வேணும்.” அவள் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எங்கம்மா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகல. இறந்துட்டாங்க. அப்பா பொய் சொல்லணும்னு சொல்லல. அவரால சொல்ல முடியல. நீங்க அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, சரியா?”

கடைக்காரர் தாள்கட்டைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியும் பாப்பா.”

“தெரியுமா?”

“நான் கேட்ட ரெண்டாம் நாளே உங்க பள்ளிக்கூடத்து வேன் டிரைவர் சொல்லிட்டார். தெருவுல எல்லாருக்கும் தெரியும். உங்கப்பா எப்பச் சொல்றாரோ அப்பச் சொல்லட்டும்னு இருந்துட்டோம். அதுக்கப்புறம் நான் கேட்டேனா? யோசிச்சுப் பாரு.”

தும்பி யோசித்தாள். அவர் கேட்கவே இல்லை. தினமும் “சார், நல்லா இருக்கீங்களா?” என்று மட்டும்தான் கேட்பார்.

அவர் சான்றிதழை இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணாடியின் மேல் மெதுவாகக் கவிழ்த்தார். வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது. நகல்களைப் புது உறையில் போட்டுக் கொடுத்தார்.

“எங்க பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு உங்கம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க,” என்றார். “இன்னிக்கும் அதை மட்டும்தான் தப்பில்லாம சொல்றான்.”

வெளியே வந்ததும் தும்பி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கடையின் பக்கம் திரும்பினார். கடைக்காரர் கையைத் தூக்கினார். அப்பாவும் தூக்கினார்.

விசா அலுவலகத்தில் மணி பதினொன்று. அதே அலுவலர். அதே கண்ணாடி.

“கொண்டு வந்துட்டீங்களா சார்? சம்மதக் கடிதம்?”

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

தும்பிக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. காலையில்தான் சொல்லிப் பழகியிருந்தாள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் முயற்சி செய்துகொண்டிருந்தார். பாதியில் பிடுங்கிக்கொள்வது நியாயமில்லை.

அவள் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் யாரோ செருமினார்கள். அவள் திரும்பவில்லை.

“என் மனைவி இறந்துட்டாங்க,” என்றார் அப்பா. “பதினாலு மாசம் ஆச்சு. இதுதான் சான்றிதழ்.”

வேகவேகமாகத் தாள் புரட்டும் அலுவலரின் கை நின்றது.

“நேத்து நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கங்க சார்,” என்றார். சான்றிதழைப் படித்தார். அசலை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நகல்களை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்தார்.

“டீச்சரா இருந்தாங்க,” என்றார் அப்பா திடீரென்று. “கணக்கு டீச்சர். விசில் அடிச்சுக்கிட்டே பேப்பர் திருத்துவா. பக்கத்து வீட்டுல சண்டைக்கே வந்தாங்க. அதுக்கு அவ என்ன பண்ணினா தெரியுமா...”

அப்பா சொல்லிக்கொண்டே போனார். அலுவலர் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் செருமியவர்கூடச் செருமுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் தும்பிதான் அப்பாவின் சட்டையை இழுக்க வேண்டியிருந்தது.

“அப்பா, அடுத்த நம்பர்காரங்க நிக்கிறாங்க.”

பஸ்ஸிலும் அப்பா பேச்சை நிறுத்தவில்லை. அம்மா சைக்கிள் பழகியது, அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரு குடைக்காக நடந்த சண்டை என்று தும்பி கேட்டே இராத கதைகள். பேச்சு சுவாரசியத்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தார்கள்.

பதினைந்தாவது வேலை நாளில் விசா வந்தது.

அந்த நாட்டு விமான நிலையத்தில் சீருடை போட்ட அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவை விட்டுவிட்டுத் தும்பியிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கூட வந்திருப்பது யார்? எதற்காக வந்திருக்கிறீர்கள்? எத்தனை நாள்?

“என் அப்பா,” என்றாள் தும்பி. “சித்தியையும் பாப்பாவையும் பார்க்க. பதினெட்டு நாள்.”

அதிகாரி அப்பா நீட்டிய சான்றிதழையும் ஒருமுறை பார்த்தார். அவளுக்கு லேசாகத் தலை வணங்கிவிட்டு முத்திரை குத்தினார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சித்தி நின்றிருந்தார். தும்பியைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. சித்தியின் இடுப்பிலிருந்த குழந்தை, நடுவில் மாட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

அப்பா கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அது அழுகையை நிறுத்திவிட்டு, யாரடா இது என்பதுபோல் அவரை உற்றுப் பார்த்தது.

“உன் பெரியம்மாவைப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல?” என்றார் அப்பா. “வா, முதல்லேர்ந்து சொல்றேன்.”

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்.