மூடாத குழிகள்

கயலுக்குக் கோபம் வந்தால் தமிழ் தடையில்லாமல் வரும். மற்ற நேரங்களில் அம்மா தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். கோபம் வந்துவிட்டாலோ, ஈரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் போலப் பொரிந்து தள்ளுவாள்.

1998-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அவர்கள் இருந்த அமெரிக்க ஊரான பிளசன்டனுக்கு வெளியே, ஒரு குன்றின் சரிவில், முன்பு நடன மண்டபம் ஒன்று இருந்தது. அது இடிந்துபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. கல்படிகளும் கொஞ்சம் செங்கல்லும்தான் மிச்சம். அந்த இடம் இப்போது பொதுப் பூங்காவைச் சேர்ந்தது. அலுவலகத்தில் பெர்மிட் வாங்கிக்கொண்டால் அங்கே மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாம்.

பத்து வயதுக் கயலும் அவள் அப்பா செல்வராஜும் சனிக்கிழமைதோறும் அங்கே போவார்கள். டிடெக்டரின் வட்டத் தட்டைப் புல்லின் மேல் அசைத்துக்கொண்டே கயல் நடப்பாள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது ‘பீப்’ என்று கத்தும். துருப்பிடித்த ஆணிகளும் சோடா மூடிகளும்தான் இதுவரை அதிகம் கிடைத்தன. ஒருமுறை வளைந்த கரண்டி ஒன்று கிடைத்தது. அன்று அவள் புதையலே கிடைத்த மாதிரி குதித்தாள்.

தோண்டுவதற்கு ஒரு முறை உண்டு. புல்லை மூன்று பக்கம் வெட்டி, பெட்டியின் மூடியைப் போலத் திறக்க வேண்டும். மண்ணை ஒரு துண்டின் மேல் அள்ளி வைக்க வேண்டும். தேடி முடித்ததும் மண்ணைத் திரும்பக் கொட்டி, புல்லை மூடி, நன்றாக மிதித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தோண்டிய இடமே தெரியக்கூடாது. கயல் இதில் கெட்டிக்காரி.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், சரிவு முழுக்கக் குழிகள்! பெருச்சாளிக் கூட்டம் புகுந்து விளையாடியதுபோல் இருந்தது.

“யாருப்பா இப்படிப் பண்ணது?” என்றாள் கயல்.

அப்பா பதில் சொல்வதற்குள் பூங்காவின் காவல் அதிகாரி, ரேஞ்சர் லிண்டா வேகமாக வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“நேற்று இங்கே சவாரி வந்த ஒரு குதிரை இந்தக் குழியில் காலை விட்டுவிட்டது. இப்போது நொண்டுகிறது. இதெல்லாம் உங்கள் வேலையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கண்கள் கயலின் கையிலிருந்த டிடெக்டரைப் பார்த்தன.

“இல்லை! நாங்கள்...” என்று கயல் தொடங்கினாள்.

அப்பா அவள் தோளை அழுத்தினார். “சாரி, ஆபீசர். வெரி சாரி,” என்றார்.

லிண்டா அவர்களுடைய பெர்மிட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கயல் கார்க் கதவைச் சாத்திய சத்தத்தில் பக்கத்து மரத்துப் பறவைகள் பறந்தன.

“நாம பண்ணலையேப்பா! எதுக்கு சாரி சொன்னீங்க?”

“கண்ணு, நம்ம கிரீன் கார்டு இன்னும் வரல. எதுக்கு வீண் வம்பு?”

“கிரீன் கார்டுக்கும் குழிக்கும் என்னப்பா சம்பந்தம்? யாரோ தோண்டுவாங்க, நாம சாரி சொல்லணுமா? நாமதான் பண்ணோம்னு இப்ப அவங்க நினைப்பாங்க!”

அப்பா காரைக் கிளப்பினார். மழையே பெய்யாதபோது வைப்பரைப் போட்டார். பிறகு அவசரமாக அணைத்தார்.

மறுநாள் பிச்சுமணி அங்கிள் வீட்டில், ஆளுக்கொன்று சமைத்து எடுத்துவரும் பாட்லக் விருந்து. அங்கிள் அப்பாவோடு வேலை செய்பவர். கயலின் அம்மா வசந்தாமணி தக்காளிச் சாதம் செய்து எடுத்து வந்திருந்தார்.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெல்வெட் துணி விரித்திருந்தது. அதன் மேல் பித்தளைக் கதவுக் குமிழ், பெல்ட் பக்கிள், பழைய சாவி எல்லாம் பளபளத்தன. சுவரில் புத்தம் புது டிடெக்டர் சாய்ந்திருந்தது.

“எல்லாம் நானே கண்டுபிடிச்சது!” என்றார் அங்கிள். “பழைய டான்ஸ் ஹால் இருந்த மலை இருக்குல்ல, அங்கதான்!”

கயலின் தட்டிலிருந்து அப்பளம் நழுவிக் கீழே விழுந்தது.

“அங்கிள், தோண்டின குழியை எல்லாம் மூடினீங்களா?”

அங்கிள் சிரித்தார். “அது சும்மா கிடக்கிற காடும்மா. அங்க யாரு வரப் போறா?”

“குதிரை வந்துச்சு!”

கயல் தட்டை மேசையில் வைத்தாள்.

“உங்க குழியில காலை விட்டுட்டு, அது இப்ப நொண்டுது. நாங்கதான் தோண்டினோம்னு ரேஞ்சர் எங்க பெர்மிட்டப் புடுங்கிட்டாங்க. நீங்க பண்ணதுக்கு எங்கப்பா சாரி சொன்னாரு! அது சும்மா கிடக்கிற காடு இல்ல அங்கிள். எல்லாரோட இடம்!”

“கயல்! பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?” என்றார் அம்மா.

“பெரியவங்கதானேம்மா குழி தோண்டினது?”

அங்கிளின் முகம் கறுத்தது. “ஒரு சின்னப் பொண்ணு வந்து எனக்கு...”

“அவ சொல்றதுல என்ன தப்பு?” என்று குறுக்கிட்டார் அவர் மனைவி கலாவதி ஆன்ட்டி. “பின்னாடி தோட்டத்தப் போய்ப் பாருங்க. ப்ராக்டிஸ் பண்றேன்னு என் கறிவேப்பிலைச் செடியவே தோண்டிப் போட்டுட்டார்!”

சிலர் சிரித்தார்கள். கயல் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் எவ்வளவு கத்தினாலும் ஒரு குழிகூட மூடாதே!

“அங்கிள், நீங்க வந்து மூடணும்,” என்றாள். “ரேஞ்சர்கிட்ட உண்மையச் சொல்லணும். எப்படி மூடறதுன்னு தெரியலைன்னா நான் காட்டறேன்.”

அங்கிள் வெல்வெட் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “குதிரைக்கு ரொம்ப அடியா?” என்று மெல்லக் கேட்டார்.

“தெரியாது. அதையும் நீங்கதான் போய்க் கேக்கணும்.”

அடுத்த சனிக்கிழமை அங்கிள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மண் வேலைக்கு யாராவது வெள்ளை ஷூ போடுவார்களா? கயல் கேட்க வாயெடுத்தாள். பிறகு பாவம் என்று விட்டுவிட்டாள்.

அங்கிள் மண்ணைத் தள்ளினார். அப்பா தண்ணீர் ஊற்றினார். “நல்லா மிதிங்க அங்கிள்! இது டான்ஸ் ஹால்தானே?” என்றாள் கயல். மதியத்துக்குள் ஷூவும் மண்ணும் ஒரே நிறமாகிவிட்டன.

லிண்டா வந்ததும் அங்கிள் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னார். எடுத்த பொருள்களையும் ஒப்படைத்தார்.

அப்போது அப்பா முன்னால் வந்தார். “போன வாரம் நான் சாரி சொன்னது தவறு. என் மகள் ஒரு குழியைக்கூட மூடாமல் விட்டதில்லை,” என்றார். அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தார்.

லிண்டா பெர்மிட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். குதிரை தேறி வருகிறது என்றும் சொன்னார். பிறகு கிளம்பத் திரும்பினார்.

கயல் நகரவில்லை.

“என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே?” என்றாள். “அன்று நான் பதில் சொல்ல வந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை.”

அப்பா அவளைத் தடுக்கவில்லை.

லிண்டா தொப்பியைக் கழற்றிவிட்டு, கயலின் உயரத்துக்குக் குனிந்தார். “உண்மைதான். உன் பதிலைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள், கயல்.”

 உடனே சரி என்று சொல்லிவிடக் கயலுக்கு மனமில்லை.

“ஓகே,” என்றாள் கடைசியில்.

டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினாள். பொழுது சாய இன்னும் நிறைய நேரம் இருந்தது.