பூஜைப் படத்தில் அணைந்திருந்த விளக்குகள்

விஜயதசமி, காலை 9.10. மைசூரில் ஒரு சிறு கணினி நிறுவனம். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தரும் லினக்ஸ் சர்வர் செத்துக் கிடப்பதை முதலில் பார்த்தவள் சிஞ்சனா. எழுப்ப எழுப்ப, "தகாத கட்டளை" என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு விழுந்தது.

பழி போட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. நிரல்களுக்கெல்லாம் அடிப்படையான லைப்ரரியை எட்டரைக்குப் புதுப்பித்தவள் அவள்தான். நல்ல நாள் என்று தேதி குறித்தவர் மேனேஜர் சதானந்த ராவ். அவரே இப்போது ஆஸ்பத்திரிக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அது பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும். காரணம் என்ற இடத்தில் சிஞ்சனாவின் பெயர். சேர்ந்து ஐந்தே மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கடிதம் போனால் அவளும் போக வேண்டியதுதான்.

10.05. பண்டிகை வேட்டியோடு வந்து சேர்ந்தார் மூத்த பொறியாளர் ஆராத்யா. மற்றவர்கள் கைவிட்ட கோளாறுகளை இவரிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

"என்னம்மா பண்ணின? ஒண்ணு விடாம சொல்லு."

"லைப்ரரிய மாத்தினேன் சார். முந்தாநாள் சோதனை சர்வர்லயும் இதையேதான் போட்டேன். அது இப்பவும் ஓடுது."

"ரெண்டும் ஒரே மிஷின்லயா?"

"ஆமா சார். ஒரே மிஷினுக்குள்ள ரெண்டு மெய்நிகர் சர்வர். ஒரு வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி."

"பழைய லைப்ரரிக்கே திரும்பிடலாமே?"

"தரவெல்லாம் புது வடிவத்துக்கு மாறிடுச்சு சார். பழசுக்குப் படிக்கத் தெரியாது."

ராவ் குறுக்கிட்டார். "லைப்ரரி நிரலோட ஒத்துப்போகல. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"ஒத்துப்போகலன்னா எந்தப் பதிப்பு வேணும்னு பேர் சொல்லிப் புலம்பும் சார். இது ரெண்டு வார்த்தையோட நிக்குது. லைப்ரரி எதையோ கேட்டிருக்கு, பிராசசர் தெரியாதுன்னு கைய விரிச்சிருக்கு" என்றார் ஆராத்யா.

10.30. இயந்திர அறை. நெற்றியில் குங்குமமும் தலையில் செவ்வந்திச் சரமுமாக நின்றது புது மிஷின். மூலையில் கிடந்த பழைய மிஷினுக்குப் பொட்டுகூட இல்லை. அறைப் பொறுப்பாளர் புட்டசாமி பவ்யமாக எழுந்தார்.

"நேத்து இங்க என்ன வேலை நடந்துச்சு?" என்று கேட்டார் ஆராத்யா.

"ஒண்ணுமில்ல சார். ரிஜிஸ்டரப் பாருங்க, வெறும் பக்கம். ஆயுத பூஜை மட்டுந்தான்."

"ஆஸ்பத்திரி சர்வர் எங்க இருக்கு?"

"இதோ, இந்தப் புது மிஷின்லதான்."

திரையும் அதையே சொன்னது. நேற்று ஆபீஸில் எல்லோருக்கும் அனுப்பியிருந்த பூஜைப் படங்களை ஆராத்யா தன் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் நின்றார்.

"சிஞ்சனா, ஆஸ்பத்திரி லேபுக்கு போன் போடு. நேத்து பதினொன்னே காலுக்கு மேல ரிப்போர்ட் வந்துச்சான்னு கேளு."

கேட்டாள். 11.22க்கு ஒன்று, 11.27க்கு ஒன்று வந்திருந்தது.

10.50. ஆராத்யா போனை நீட்டினார். ஆரத்தித் தட்டோடு அர்ச்சகர், கையில் பூசணிக்காயோடு சதானந்த ராவ், நடுவில் புது மிஷின். நேரம் 11.25.

"மிஷின்ல ஒரு விளக்காவது எரியுதா பாரு. பூஜைக்காக அணைச்சு வச்ச மிஷின். அப்ப ரிப்போர்ட் எங்கேருந்து வந்துச்சு, புட்டசாமி?"

புட்டசாமி மூலையைக் காட்டினார். "பழைய மிஷின்லேருந்து சார். சோதனை சர்வர அணைச்சுட்டேன், யாரும் கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரியோடத அணைக்க முடியுமா? பழசுக்கு மாத்தி ஓட விட்டேன். சாயங்காலமே திரும்ப இங்க கொண்டு வந்துட்டேன்."

"மாத்தறதுக்காக என்ன பண்ணின?"

"பழசுக்குத் தெரிஞ்ச கட்டளை மட்டும் தெரியற மாதிரி, சர்வருக்குக் காட்டுற பிராசசர் வகையக் குறைச்சேன்."

"திரும்ப ஏத்தினியா?"

"மறந்துட்டேன் சார்."

"நேத்து ஓடின பழைய லைப்ரரிக்கு அதுவே போதும். இன்னைக்கு வந்த புதுசு, புது பிராசசரோட கட்டளையக் கேட்டுது. மிஷினுக்குத் தெரியும், ஆனா சர்வருக்கு அத மறைச்சு வச்சிருக்கு. சோதனை சர்வர நீ மாத்தல, அதான் அது ஓடுது. இதை ஏன் ரிஜிஸ்டர்ல எழுதல?"

"அது வேலையில்லையே சார். பூஜை."

11.20. சர்வரை அணைத்து, பிராசசர் வகையை மாற்றி எழுப்பினார்கள். 11.31. லேபில் முதல் ரிப்போர்ட் அச்சாகி வந்தது. சிஞ்சனா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதாள். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது.

தன் அறையில் ராவ் கடிதத்தில் அவள் பெயரை அழித்துவிட்டுப் புட்டசாமியின் பெயரை அடிக்க ஆரம்பித்திருந்தார்.

"சார்," என்றாள் சிஞ்சனா. "பூஜை நேரத்துல மிஷின் ஓடக் கூடாதுன்னு அவர்கிட்ட சொன்னது யாரு?"

புட்டசாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் இன்னும் ஆராத்யாவின் போனில் திறந்தேயிருந்தது. ராவ் பூசணிக்காயோடு நின்ற தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கடிதத்தில் புட்டசாமியின் பெயரை அழித்தார். நிதானமாகத் தன் பெயரையே அடித்தார்.

"படிச்சுப் பாரும்மா. ஏதாவது விட்டுப்போச்சா?"

காலையில் ராவின் அறைக்குள் நிற்கவே பயந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வரி சேர்க்கணும் சார். இனிமே பூஜையையும் ரிஜிஸ்டர்ல எழுதணும்."