மேல்கரை நகர் ஒப்பீட்டுக் குழு

மேல்கரை நகரில், பையன் மழையில் நனைந்தான் என்று சொல்லலாம். அவனுக்குக் காய்ச்சல் வந்தது என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணச் சான்று வேண்டும். சான்று தருவது மெய்காணி. தலைநகரில் ஒரு முழுக் கட்டடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பொறி, எதனால் எது நடக்கிறது என்பதை முறைப்படி ஆய்ந்து தீர்ப்புச் சொல்லும். மனிதர்கள் வாய்க்கு வந்தபடி காரணம் கற்பித்து அடித்துக்கொண்ட காலம் அத்தோடு ஒழிந்தது என்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. சான்றில்லாமல் பொது இடத்தில் காரணம் பேசினால் அபராதம்.

தணிகாசலம் இரண்டு முறை அபராதம் கட்டியவர். குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு நிற்காததால்தான் நிரந்தரமானார் என்று ஊரில் பேச்சு. அதற்கும் சான்று கிடையாது. தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்குகிறது. ஊரில் வீட்டுக்கு வீடு சிறுநீரகம் கெடுகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேருந்து நிலையத்தில் முழங்கியதுதான் அவர் செய்த குற்றம். அதன்பிறகு அவர் முழங்குவதை நிறுத்திவிட்டு, ஆய்வு கேட்டு மனு எழுத ஆரம்பித்தார். தலைமுடி பாதி கொட்டிய பிறகு மெய்காணி இசைந்தது.

ஆய்வை நடத்த வந்தவர் முதுநிலை நெறியாளர் முனைவர் பராங்குசம். சமுதாயக் கூடத்தில் ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்வரிசையில் யாருக்கும் கேட்காமல் ஒரு மணி நேரம் பேசினார். முன்வரிசையில் இருந்த தணிகாசலத்துக்குப் புரிந்தது இவ்வளவு: ஊரே ஒரே தண்ணீரைக் குடிக்கிறது, ஊரே நோயில் கிடக்கிறது, அப்படியானால் யாரோடு யாரை ஒப்பிடுவது? ஒப்பிட ஆளில்லாத உண்மை வெறும் வதந்தி. ஆகவே ஓராண்டுக்குப் பாதி வீடுகளுக்குச் சுத்திகரித்த நீர். மீதிப் பாதி ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்குப் பழைய நீரே. யாருக்கு எது என்பதைப் பொறி குலுக்கிப் போடும். குடிப்பவருக்கும் தெரியாது, நெறியாளருக்கும் தெரியாது. குழாய் ஒன்றுபோல இருக்கும். ருசியும் வித்தியாசப்படாமல் நல்ல நீரில் கொஞ்சம் உப்பு சேர்க்கப்படும். மணிக்கட்டில் ஒட்டிய வில்லை உடல்நிலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரு குழுக்களுக்கும் இடையே நோயில் வித்தியாசம் தெரிந்தால் மறுநாளே ஆலைக்குப் பூட்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு வீட்டுத் தண்ணீர் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. மாதாமாதம் வீட்டுத் தலைவர் அதை உறுதிசெய்து கைரேகை வைக்க வேண்டும்.

தணிகாசலத்தின் அடுத்த வீட்டு நஸ்ரீன் எழுந்து நின்று, பழைய தண்ணீர் விழுகிற வீட்டில் ஏற்கெனவே சீக்காளி இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் மகள் ஷமீமாவுக்குப் பதினான்கு வயது. கால் இரண்டும் எப்போதும் வீங்கியே இருக்கும்.

"அது அவர்கள் அறிவியலுக்கு அளிக்கும் கொடை, அம்மா" என்றார் பராங்குசம்.

கைதட்டத் தொடங்கியவர் தணிகாசலம்தான்.

பொறி எல்லாவற்றையும் மறைத்தது, துவரம்பருப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மேல்கரைத் தண்ணீரில் பருப்பு வேகாது. இரண்டு மணி நேரம் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். குழாய் திறந்த அன்று தணிகாசலம் வீட்டில் பருப்பு கால் மணி நேரத்தில் குழைந்தது. நஸ்ரீன் வீட்டில் குழையவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் எந்தெந்த வீடு எந்தக் குழு என்பது ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள் இரண்டு பேர்தான்: மெய்காணியும் முனைவர் பராங்குசமும்.

ஒரு வாரம் கழித்து, தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி மதில்மேல் குடத்தை ஏற்றி அந்தப் பக்கம் கொடுப்பதை அவர் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு, சமுதாயக் கூடத்தில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். கலந்தால் வித்தியாசம் தெரியாது, வித்தியாசம் தெரியாவிட்டால் ஆலை மூடாது, ஒரே ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் நல்ல தண்ணீர்.

வேதவல்லி கடைசிவரை கேட்டுக்கொண்டாள். "ஆலைய அடுத்த வருசம் மூடுவான். அதுக்குள்ள அந்தப் பொண்ணு கண்ண மூடிட்டா இன்னா பண்ணுவீங்க? சங்கத்துல இரங்கல் தீர்மானமா?"

அவருக்கு இரங்கல் தீர்மானம் போட்டுத்தான் பழக்கம்.

நான்கைந்து நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார். பிறகு வேதவல்லிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நஸ்ரீன் கேட்கவில்லை, மதில்மேல் காலிக் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே அதை நிரப்பித் தூக்கிக் கொடுத்தார். ஒரு குடத்தால் ஒரு ஆய்வு கெட்டுப்போகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மாதக் கடைசியில் பரிமாற்றம் ஏதுமில்லை என்று கைரேகையும் வைத்தார். வைப்பதற்கு முன் விரலை இரண்டு முறை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அதுவும் இல்லை. ஷமீமா காலில் செருப்பு மாட்ட முடிந்தது. பள்ளிக்கூடம் போனாள்.

ஊரில் தாம் ஒருவர்தான் நெறி தவறியவர் என்று அவர் நினைத்திருந்தார். தீர்ப்பு வந்த நாளில்தான் தெரிந்தது, நல்ல குழாய் இருந்த எல்லா வீட்டிலும் ஒரு மதில் இருந்திருக்கிறது.

சமுதாயக் கூடத்தின் சுவரில் தீர்ப்பு ஒளிர்ந்தது. இரு குழுக்களுக்கும் இடையில் வேறுபாடு இல்லை. நீருக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது. இரு குழுக்களும் ஒரே அளவில் சற்றுத் தேறியிருப்பதால், மேல்கரை மக்கள் தாமாகவே நலம் பெறும் இயல்பினர் எனக் கொள்ளலாம். இனி இந்த நீரைக் குற்றம் சொல்வோருக்கு அபராதம் கிடையாது, சிறை.

மறுநாள் நல்ல குழாய்களைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். தணிகாசலம் விருந்தினர் விடுதிக்கு ஓடினார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பராங்குசத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: பருப்பு, மதில், குடம், பொய்க் கைரேகை. தன்னைச் சிறையில் போடட்டும், ஆய்வைச் செல்லாது என்று அறிவித்தால் போதும் என்றார்.

பராங்குசத்துக்குக் கோபம் வரவில்லை. சுகவீனமான பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முடிவு வருவதற்கு முதல்நாள் நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். முடிவைப் பார்த்துவிட்டு, அது பிடிக்காமல், தரவு தவறு என்கிறீர்கள். இதை அனுமதித்தால் ஆலைக்காரனும் நாளைக்கு இதையேதான் சொல்வான். ஆய்வு நெறியில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை, ஐயா."

தணிகாசலத்துக்கு எரிச்சல் என்னவென்றால், மனுஷன் சொன்னது நியாயம். அந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்திருந்தாலும் இதையேதான், இன்னும் கொஞ்சம் சத்தமாக, சொல்லியிருப்பார்.

ஆலை இரண்டாவது கொட்டகை போட்டது. ஷமீமா செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் வரிசையில் வாரம் மூன்று நாள் நஸ்ரீனோடு உட்கார்ந்தாள். வேதவல்லி மதில் பக்கம் போவதை விட்டுவிட்டாள். கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

நாட்டில் வேறு ஊர்களும் ஆய்வு கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தன. மெய்காணிக்கு ஒப்பிட ஆட்கள் தேவைப்பட்டார்கள். நீரால் கெடாதவர்கள் என்று சான்று பெற்ற ஊர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேல்கரை நகர் முழுவதும் தேசிய ஒப்பீட்டுக் குழுவாக அறிவிக்கப்பட்டது. பழைய வில்லைகளைக் கழற்ற வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சாயப்பட்டறை ஊர் ஒன்றிலிருந்து மாரப்பன் என்பவர் தணிகாசலத்தைத் தேடிக்கொண்டு வந்தார். அந்த ஊர் நலச் சங்கத்தின் செயலாளர். பன்னிரண்டு ஆண்டு மனுப் போட்டு இப்போதுதான் ஆய்வு கிடைத்திருக்கிறது; யாரோடு ஒப்பிடப் போகிறார்களோ அந்த ஆரோக்கியமான ஜனங்களை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். முகம் வெளிறி, இமை தடித்திருந்தது. ஆனால் ஆள் உற்சாகமாக இருந்தார். இந்தத் தடவை தப்பாது, எங்கள் ஊர் நிலைமை அவ்வளவு மோசம் என்று பெருமையோடு விவரித்தார். மூன்று வீட்டுக்கு ஒருவர் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறாராம்.

தணிகாசலம் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, "இங்க வீட்டுக்கு ஒருத்தர்" என்றார்.

மாரப்பனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று வீட்டுக்கு ஒருவர், வீட்டுக்கு ஒருவர் என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"அப்பிடின்னா எங்கூரு தண்ணி மருந்துன்னு வந்துருமேங்ணா."